பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

மெர்சிங்
18 நவம்பர் 2024

ராணி,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததை என் அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. உன் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறேன். திறந்தால் நீ கூப்பிடுவாய், நான் கத்துவேன், பக்கத்தில் இருக்கிற வலேரி காதைப் பொத்திக்கொள்வாள். ஏற்கெனவே கதவு அடித்தால்கூட பொத்திக்கொள்கிறாள். இங்கே மழைக்காலக் காற்று, கதவு அடிக்காத நேரமே கிடையாது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு வேலு அண்ணன் மீன் லாரி ஓட்டுகிறார். ஜேபி நகரத்துக்குப் போகிற வழியில் தம்போயில் இறங்கி உன் கையில் கொடுப்பார். பதில் இருந்தால் அவரிடமே கொடு. மீன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை காலையில் நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது. என் நினைவில் இருப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வேலைக்குக் கிளம்பும் முன் நீ ஹாலில் நின்று டிரை ஃபயர் பழகிக்கொண்டிருந்தாய். தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்ப்பாய், விசையை இழுப்பாய், டிக்கென்று ஒரு சத்தம், மறுபடி முதலிலிருந்து. தோட்டா போட்ட மேகசினை நான் சமையலறை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். உன் சட்டம் அது. நீ வாய்விட்டு "முடிஞ்சது" என்று சொன்னால்தான் திருப்பித் தர வேண்டும். சொன்னாய். தந்தேன். நீ மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை ஏற்றிவிட்டாய். நேரே உறையில் செருகியிருக்க வேண்டும். "சே, கடைசியா இழுத்தது சரியில்ல" என்று முணுமுணுத்தாய். மறுபடியும் தூக்கினாய்.

இந்தத் தடவை டிக்கென்று கேட்கவில்லை.

நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மக்சிக், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "மெர்ச்சுன் ஆ?" என்று சிரித்தார். தீபாவளி வெடி மிச்சம் என்று நினைத்துவிட்டார். உனக்குச் சிரிப்பு வந்ததா? எனக்கு வரவில்லை.

ஹாலுக்கும் வலேரி அறைக்கும் நடுவே இருப்பது செங்கல் இல்லை. அவளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று நானே ஆணி அடித்து நிறுத்திய பிளைவுட். தோட்டா பலகையைத் துளைத்து, அவள் அலமாரியைத் துளைத்து, தொங்கிக்கொண்டிருந்த தடிக்கா பள்ளிச் சட்டையைத் துளைத்து, வெளிச்சுவரில் போய்ச் செருகியது. அந்தச் சட்டையை எடுக்க அவள் தினமும் ஸ்டூலில் ஏறுவாள். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து முதலில் காலுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். காலுறை, ராணி! அந்தக் காலுறையால்தான் நம் பிள்ளை இப்போது உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்.

துப்பாக்கி பிடிக்கிற இந்தப் போலீஸ் வேலையை விட்டுவிட்டு வா. இல்லையென்றால் பிள்ளை இங்கேயே இருப்பாள். வேறு பேச்சு இல்லை.

எல்வின்

*

தம்போய்
20 நவம்பர் 2024

எல்வின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வலேரி சாப்பிடுகிறாளா என்று நான் கேட்கும் முன்பே ரொட்டி தின்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக நன்றி.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மதியமே மேலதிகாரி துவானிடம் போய் என் துப்பாக்கி வீட்டில் வெடித்ததைச் சொன்னேன். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். எழுத்தில் கேட்டார்கள், கொடுத்தேன். ஆட்கள் வந்து பலகையையும் சுவரையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி விசாரணை.

என் வாக்குமூலத்தில், வீட்டில் வேறு யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். யாராவது உங்களைக் கேட்டால், நீங்களும் பிள்ளையும் முந்தின நாளே மெர்சிங் போய்விட்டீர்கள். அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் நினைவுக்கு வருகிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் குறிபார்க்கும் கறுப்புப் புள்ளியை முதலில் எங்கே ஒட்டினேன்? திரு இருதயப் படம் மாட்டியிருக்கிற சுவரில், படத்துக்குக் கீழே. அது செங்கல் சுவர், அதற்கு அந்தப் பக்கம் வெறும் மண்மேடு. தெரிந்துதான் அங்கே ஒட்டினேன். நீங்கள்தான் குதித்தீர்கள். "ஆண்டவர் படத்துக்கு நேரா துப்பாக்கிய நீட்டுறியே, வெளங்குமா இந்த வீடு?" என்று கேட்டுப் புள்ளியைப் பிய்த்துக் கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினீர்கள். நீங்கள், உங்கள் கையால். தோட்டாதான் இல்லையே, எங்கே இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. ஆனால் என் ஒருத்தி தப்பு என்று எழுதாதீர்கள்.

ஏன் வீட்டில் பழகினேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. ஸ்கூடாயில் அந்தக் கடைவாசலில் பாராங் கத்தியோடு ஒருத்தன் ஓடி வந்தபோது என் கை நடுங்கியது. நான் சுட்டது தரையில் பாய்ந்தது. சார்ஜன் காளியப்பனுக்குத் தோளில் வெட்டு. வெடிக்கப் போகிறது என்ற பயத்தில் விசையை இழுக்கும் முன்பே என் கை கீழே அழுத்திவிடும். தோட்டா போட்டுச் சுட்டால் அந்தப் பிழை வெடிச் சத்தத்தில் மறைந்துபோகும். வெறும் துப்பாக்கியில் மறையாது, டிக்கென்று விழும்போது துப்பாக்கி நுனியில் இருக்கிற முன்குறி அசைந்ததா இல்லையா என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். அப்படித்தான் என் கையைத் திருத்தினேன். போன மாதம் பரீட்சையில் தேறினேன். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலேரிக்கு இரவில் இருமல் வந்தால் மஞ்சள் மூடி போட்ட மருந்து. வெள்ளை மூடி வேண்டாம்.

இன்பராணி

*

மெர்சிங்
22 நவம்பர் 2024

ராணி,

யாரும் இல்லையா?

இதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். மழையில் நனைந்தேன். அக்கா "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். ஆமாம் என்றேன்.

வீட்டில் யாரும் இல்லை என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்ததை மக்சிக் பார்த்தார். அவரைக் கேட்க மாட்டார்களா? ஆள் இல்லாத வீட்டில் வெடித்தது என்றால் கொஞ்சம் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் வெடித்தது என்றால் வேலை போகும். அவ்வளவுதானே கணக்கு? உன் வேலைக்காக நம் பிள்ளையையே இல்லாமல் ஆக்கிவிட்டாய்.

புள்ளியை நான்தான் ஒட்டினேன். ஆமாம். சொல்லிக் காட்டிவிட்டாய், சந்தோஷமா? வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து கண்ணை மூடினால் என் கட்டை விரல் அந்த ஸ்டிக்கரின் மூலையை அழுத்தித் தேய்ப்பதுதான் தெரிகிறது. நீ வேறு சொல்ல வேண்டுமா?

இன்னொன்று கேள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று வலேரி அக்கா வீட்டு வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தாள். துணி காய்கிற கொடியைப் பார்த்து நின்றாள். ஒரு கண்ணை மூடி, இரண்டு கையையும் சேர்த்து விரலை நீட்டினாள். நாக்கால் டிக் டிக் என்று சத்தம் போட்டாள். அப்புறம் "முடிஞ்சது" என்றாள். கையை இறக்கினாள். உன்னை மாதிரியே முகத்தைச் சுளித்து "சே" என்று சொல்லி மறுபடி தூக்கினாள். பிறகு வாயால் "டும்" என்று சொல்லி, அவளே தரையில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே படுத்துக் கிடந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். "சும்மாப்பா, இது விளையாட்டு" என்கிறாள்.

அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அறைக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. இவளைத்தான் நீ யாருமில்லை என்று எழுதினாய்.

எல்வின்

*

தம்போய்
25 நவம்பர் 2024

எல்வின்,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தேன். கொடியைப் பற்றி எழுதியதை இன்னும் மறுபடி படிக்கவில்லை. படிக்க முடியாது.

என் போனை விசாரணைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீங்கள் நம்பரைத் திறந்தாலும் நான் எடுக்க மாட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன், கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் போடுகிற கணக்கு பாதி சரி. மீதியைக் கேளுங்கள். தோட்டாவை யார் கையில் கொடுத்தேன்? உங்கள் கையில். உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? டிராயர் சாவி யார் பாக்கெட்டில் இருந்தது? பிள்ளைக்குக் கிட்டவே வரக்கூடாது என்று நாம் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. காகிதத்தில் எழுதினால் அனுமதி இல்லாத ஆள் தோட்டாவை வைத்திருந்தார் என்றுதான் வரும். அதற்கு இந்த நாட்டில் என்ன தண்டனை என்று தெரியாமலா நான் இத்தனை வருஷம் இந்த உடுப்பைப் போட்டேன்? உங்களை லாக்கப்பில் வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது? நீங்கள் வீட்டில் இருந்ததாகச் சொன்னால் அடுத்த கேள்வி அதுதான் வரும். அதனால் உங்கள் இரண்டு பேரையும் வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

காளியப்பன் வந்து பார்த்தார். தோள் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. "எழுதினது எழுதியாச்சு, விடு லா. வாய தொறந்தா மூணு பேரும் போயிருவீங்க" என்றார். மக்சிக் பற்றியும் சொன்னேன். அவர் என்ன பார்த்தார் என்று யாரும் கேட்கவே மாட்டார்களாம். தைரியமாக இரு என்றார். தைரியமாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதம் வரும் வரையில்.

உங்களுக்காக மட்டும் அப்படி எழுதினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேலையும் வேண்டும் என்றிருந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்த அணியில் கடைசி வரை நின்றவள் நான். அதற்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் வலேரி இருந்தாள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை போகவே இல்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும் போல இருந்தது. யாருமில்லை என்று எழுதியதும் எனக்கு உட்கார முடிந்தது, தண்ணீர் குடிக்க முடிந்தது. அவ்வளவு கேவலமாகத்தான் இருந்தேன்.

இரண்டாம் தேதி என்ன சொல்வேன் என்று இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? திட்டாமல் எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள்.

ராணி

*

மெர்சிங்
28 நவம்பர் 2024

ராணி,

திட்டவில்லை. திட்டுவதற்கு உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு ஜெயில் என்றதும் அக்கா கட்சி மாறிவிட்டாள். "அவ எழுதினதுதான் சரி, நீ பொத்திக்கிட்டு இரு" என்கிறாள். நேற்று வரைக்கும் உன்னைத் தின்றுவிடுவாள் போல இருந்தவள்!

எனக்கும் பயம்தான். பொய் சொல்லவில்லை. நான் ஏர்கான் கழுவுகிறவன், போலீஸ் பாலாய் வாசலைக் கண்டாலே மறுபக்கம் நடக்கிறவன். இங்கே மழைக்காலம் என்று சாலே விடுதிகளை மூடிவிட்டார்கள், பழைய ஏர்கானையெல்லாம் கழற்றித் துடைக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். ஏணியில் நிற்கும்போது, என்னைக் கொண்டுபோனால் பிள்ளை கதி என்ன என்று நினைப்பேன். அடுத்த நிமிஷமே, அன்று அவள் ஸ்டூலில் ஏறியிருந்தால் அவள் கதி என்ன என்று நினைப்பேன். இரண்டாவது வந்ததும் முதலாவது ஒன்றுமில்லாமல் போகிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். இரண்டாம் தேதி காலையில் பாலாய் வாசலில் நிற்பேன். டிராயர் சாவி என்னிடம் இருந்தது, புள்ளியை ஒட்டியது நான், பிள்ளை உள்ளே இருந்தாள். மூன்றையும் சொல்வேன். உன்னைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஆனால் ஒரு சங்கடம். கோத்தா திங்கி பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதாம். வேலு அண்ணன் லாரியை எடுக்க மாட்டேன் என்கிறார். பஸ்ஸும் இல்லை. உன் போனோ அங்கே பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கினால் இந்தக் கடிதமும் நானும் ஒன்றாகத்தான் வந்து சேர்வோம். இறங்காவிட்டால் நீ ஒருத்தியாகத்தான் அந்த அறைக்குள்ளே போக வேண்டும். நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியாமலே போக வேண்டும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்வின்

*

தம்போய்
2 டிசம்பர் 2024

எல்வின்,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ரோட்டில் தண்ணீர் என்று ரேடியோவில் கேட்டேன். அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். வேறு காரணம் என்றாலும் எனக்கு அப்படியே இருக்கட்டும்.

விசாரணை முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் எழுதிக் கொடுத்ததை ஒருவர் உரக்கப் படித்தார். எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்திருப்பேன், காளியப்பன் நடையில் காத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்த துவான், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பலகைக்குப் பின்னால என்ன?"

"அலமாரி, துவான்."

"அலமாரிக்கு முன்னால?"

அவர் ஒன்றையும் பிடித்துவிட்டுக் கேட்கவில்லை. அலமாரிக்கு எவ்வளவு தூரத்தில் சுவர் என்று அளவு எழுதத்தான் கேட்டார். எனக்கு அது தெரியும். தரை, துவான் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். உங்கள் இரண்டாவது கடிதம் நினைவுக்கு வந்தது. நான் தரை என்று சொல்லிவிட்டால் வலேரி கொடிக்கு முன்னால் விளையாடுவது பொய்யாகிவிடும். நாளைக்கு அவள் வளர்ந்து, அம்மா அப்படி நடந்ததா என்று கேட்டால், இல்லவே இல்லை, நீ கனவு கண்டாய் என்று நானும் நீங்களும் சேர்ந்து சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைக்குத் தெரிந்ததையே பிள்ளையிடம் மறுக்க வேண்டும். அது என்னால் முடியாது எல்வின்.

"என் மகள்" என்றேன்.

என்னால் பிறகு நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் அழாதவள், அந்த மூன்று பேர் முன்னால் மூக்கு ஒழுக அழுதேன். ஒரு மேடம் எழுந்து டிஷ்யூ கொண்டுவந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேகசின் யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். புள்ளி ஏன் பலகையில் என்று கேட்டார்கள். திரு இருதயப் படத்தைச் சொன்னேன். அந்த மேடம் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். ஏன் வைத்தார் என்று தெரியவில்லை.

உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கூப்பிடுவார்கள். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியவள் நானே உங்களை மாட்டிவிட்டேன். இதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னை மேசை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள், தீர்ப்பு வரும் வரை. பொய் வாக்குமூலம் என்று அது ஒன்று தனியாகச் சேர்ந்திருக்கிறது. வேலை போகும் என்று காளியப்பன் சொல்கிறார். அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போகட்டும்.

வலேரியை அனுப்புங்கள் என்று இப்போது கேட்க மாட்டேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு, நீ பார்த்தது நிஜம்தான், அம்மா செய்ததுதான் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் விடுவீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

ராணி

*

மெர்சிங்
5 டிசம்பர் 2024

ராணி,

தண்ணீர் இறங்கிவிட்டது. உன் கடிதம் முதல் பஸ்காரர் கையில் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டாம் தேதி எழுதியது வேலு அண்ணன் லாரியிலேயே ஊறிப்போய்க் கிடந்தது. இதோடு சேர்த்து அனுப்புகிறேன், எழுத்து கலைந்திருந்தாலும் படித்துப் பார். நாம் இரண்டு பேரும் ஒரே முடிவைத்தான் தனித்தனியாக எடுத்திருக்கிறோம். சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போனதுதான் குறை.

உங்கள் ஆபீசிலிருந்து நேற்று கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. நீ மாட்டிவிட்டதாக நினைக்கவில்லை. நான் வரத்தான் இருந்தேன்.

நீ நேரில் சொல்லும் வரை காத்திருக்காமல் நானே வலேரியிடம் சொல்லிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. "அம்மா பெரிய போலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றேன்.

"நான் அங்க இருந்தேன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"காலுறை போட்டேன்னு?"

"அது தெரியல. நீயே அம்மாகிட்ட சொல்லு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை வரைக்கும் இருக்கிறதே என்றால் கேட்கவில்லை. அக்கா அழுகிறாள். அடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறோம். வலேரி உன்னோடுதான் படுப்பேன் என்கிறாள். படுக்கட்டும். உன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது, பயம்தான் இன்னும் போகவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் ராணி. பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பேன்.

எல்வின்